ஏழு கீழே, நாலு மேலே

"மழை கூரையில பெய்யல, பக்கத்து வீட்டுல பெய்யுது."

இப்படிச் சொல்லிவிட்டு சோபாவை விட்டு எழுந்து போனவர் சாதாரண வாடிக்கையாளர் அல்ல. அறுபது வீடுகள் கொண்ட அடுக்குமாடியைக் கட்டி முடித்து, வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வைத்துத் தருவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்ட பில்டர்.

அது நேற்று மாலை ஐந்து மணிக்கு நடந்தது. இன்று பகல் ஒன்றரை மணிக்கு, அதே கடையின் அதே டெமோ அறையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ரேடியோ படுத்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் பதினெட்டு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில்தான் தனக்கு ருசி என்று தாமதமாகக் கண்டுபிடித்து, துப்பறியும் நிறுவனம் தொடங்கியவர். ரேடியோ அவருடைய ஒரே உதவியாளன். பழைய பஸ் கண்டக்டர். நிறுத்தம் வந்தாலும் வாய் நிற்காது என்பதால் அந்தப் பெயர்.

"ரேடியோ, ஒயரைப் பார்க்கச் சொன்னா தூங்கறியா?"

"கம்பளம் அவ்வளவு சுகம் டீச்சர். ஒயரெல்லாம் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்கா போயிருக்கு. இந்த ஒழுக்கம் எங்க டிப்போவுல இருந்திருந்தா நான் வேலையை விட்டிருக்கவே மாட்டேன்."

கடைக்காரர் சுவரோரம் நின்று கையைப் பிசைந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ராத்திரி தூங்கவில்லை என்பது சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்ததிலேயே தெரிந்தது.

"முதல்ல இருந்து சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி" என்றார் டீச்சர்.

"அறுபது வீட்டுக்கும் ஒரே முறைதான் வைக்கணும்னு பில்டர் முடிவு பண்ணிட்டார். ரெண்டு முறை இருக்கு. எதிர்க்கடைக்காரங்க விக்கறது தரை முறை. முன்னால மூணு ஸ்பீக்கர், பக்கத்துல ரெண்டு, பின்னால ரெண்டு, ஆக ஏழு. சத்தம் நம்மைச் சுத்தி வரும். நாங்க சொல்றது கூரை முறை. அதே ஏழு கீழே, இன்னும் நாலு மேலே. ஹெலிகாப்டர் வந்தா தலைக்கு மேல போகும். மழை வந்தா உச்சந்தலையில விழும்."

"எங்க வீட்டுல அது இலவசம் சார். மாடி வீட்டுக்காரங்க விடிய விடிய தலைக்கு மேல நடக்கறாங்க" என்றான் ரேடியோ, படுத்தபடியே.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "நேத்து அவர் எதிர்க்கடையில கேட்டுட்டு நேரா இங்க வந்தார். அந்த சோபாவுல உட்கார வச்சு மழைக் காட்சியைப் போட்டேன். மூணு நிமிஷம் கூட உட்காரல. யாரோ கையை வச்சுட்டாங்கன்னு கெஞ்சினேன். 'நல்லா இல்லாததுக்கு எல்லாரும் சொல்ற சாக்குதான். நாளைக்கு நாலு மணிக்கு இந்தப் பக்கம் வருவேன். யார், எப்படின்னு காட்டினா இன்னொரு தடவை கேக்கறேன். இல்லேன்னா நாலரைக்கு எதிர்க்கடையில கையெழுத்து'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இந்த வேலை போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான் டீச்சர். ஒம்பது பேர் இங்க வேலை பாக்கறாங்க. இருபது வருஷம்..."



"காட்சி ஓடும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவோரம். நான் எப்பவும் அங்கதான் நிப்பேன். வாங்க வர்றவருக்கு சோபா, விக்கற எனக்குக் கதவோரம். இருபது வருஷமா மாத்தாத பழக்கம்."

"உங்க காதுக்கு எப்படி இருந்துது?"

"அதான் எனக்கே புரியல. சுத்திலும் சரியாத்தான் கேட்டுது. மேலேருந்து வந்தது மட்டும் ஏதோ ஒட்டாத மாதிரி. பதற்றத்துல இருக்கோம், அதான் அப்படித் தோணுதுன்னு விட்டுட்டேன்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு மச்சினன் வந்தான். கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி. முப்பத்தைந்து வயது, மடித்துவிட்ட முழுக்கை, இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் பை. பதினாறு வருடமாக இந்தக் கடையின் வலது கை.

"அத்தான், நான்தான் நேத்தே சொன்னேன்ல? எதிர்க்கடை டெக்னீஷியன் மத்தியானம் வந்தான். நம்ம ஏணியை வாங்கிட்டுப் போயிருந்தான், திருப்பிக் கொடுக்க வந்தேன்னான். நான் டீ சொல்லப் போன நேரம் அஞ்சு நிமிஷம் இந்த ரூம்ல தனியா இருந்தான். வேற யாரு பண்ணுவா?"

"அஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணலாம்?" டீச்சர் கேட்டார்.

"ஒயரை மாத்திச் சொருகலாம் மேடம். அங்கதான் பாக்கணும்."

"ஸ்பீக்கரை ஓட்டற மெஷின்ல அளவுகள் ஏதாவது மாத்தியிருக்கலாமோ?"

"சான்ஸே இல்ல. அமைப்புப் பக்கத்தைப் பூட்டி வச்சிருக்கேன். யார் வேணா பாக்கலாம், ஆனா ஒரு எண்ணை மாத்தணும்னாலும் நாலு இலக்க நம்பர் கேக்கும். அது என் மனசுல மட்டும்தான் இருக்கு. அத்தானுக்குக் கூடத் தெரியாது. அங்க நேரத்தை வீணாக்காதீங்க."

"ஆமா டீச்சர்" என்றார் கடைக்காரர். "ஸ்பீக்கர் எது, எங்கேன்னு நான் முடிவு பண்ணுவேன். அளவு வைக்கறது முழுக்க மச்சினன் கையில. நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே வருஷக்கணக்காச்சு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மச்சினன் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். டீச்சர் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"ரேடியோ, எழுந்திரு. அந்த ஏணியைப் பார்த்துட்டு வா."

இரண்டு நிமிடத்தில் அவன் தலைமுடியில் ஒட்டடையோடு திரும்பினான்.

"பின்னால சாமான் ரூம்ல இருக்கு டீச்சர். அது மேல ஆறு பெயிண்ட் டப்பா, அது மேல தூசி, அதுக்கும் மேல ஒரு சிலந்தி குடும்பத்தோட குடியிருக்கு. வீட்டைப் பார்த்தா நேத்து கட்டின மாதிரி தெரியல. நம்ம பில்டரே ஒரு வீட்டைக் கட்ட ரெண்டு வருஷம் எடுத்துக்கறார்."

"கடையில எத்தனை ஏணி?"

"ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

டீச்சர் ரிமோட்டைத் திரைப் பக்கம் நீட்டினார். திரையில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். "ஸ்பீக்கர் தூரம்" என்று தலைப்பு. கீழே வரிசையாக எண்கள்.

"இது என்ன?"

"உட்கார்ந்து கேக்கறவர் காதுலேருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம்ங்கற கணக்கு. உட்கார்ற இடத்துல ஒரு சின்ன மைக்கை வச்சா, மெஷின் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கத்த வச்சு, தானே அளந்துக்கும். தூரத்துல இருக்கறது முந்தியும் கிட்ட இருக்கறது பிந்தியும் கிளம்பணும். அப்பதான் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்துல காதுக்கு வந்து சேரும்."

"ரேடியோ, எழுதிக்கோ."

ரேடியோ விலைப்பட்டியலின் முதுகில் எழுதிக்கொண்டே ராகமாகப் படித்தான். "முன் இடது அஞ்சு புள்ளி ஒம்பது ஒண்ணு. நடு அஞ்சு புள்ளி ஒண்ணு ஏழு. முன் வலது நாலு புள்ளி ஒம்பது மூணு. பக்கத்து இடது நாலு புள்ளி பூஜ்யம் அஞ்சு, பக்கத்து வலது ஒண்ணு புள்ளி நாலு ஒம்பது. பின் இடது ரெண்டு புள்ளி ஏழு ஏழு, பின் வலது பூஜ்யம் புள்ளி எட்டு அஞ்சு. மேல நாலும்... அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. எல்லாம் மீட்டர். கீழ இருக்கற ஏழு பேரும் ஆளுக்கொரு திசை, மாடியில இருக்கறவங்க மட்டும் ஒத்துமையா இருக்காங்க!"

"சோபா அறைக்கு நடுவுலதானே இருக்கு?" என்றார் டீச்சர். "அப்படின்னா இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே தூரம் வரணும். இங்க வலது பக்கம் எல்லாம் கிட்ட, இடது பக்கம் எல்லாம் தூரம்."

கடைக்காரர் திரைக்கு அருகே போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "இது... இது சோபாவுக்கான அளவே இல்ல."

"வேற எந்த இடத்துக்கான அளவு? அதைத்தான் இப்பக் கேக்கப் போறோம். ஒயர் ரோல் இருக்கா?"

பள்ளிக்கூடத்தில் வட்டம் போடச் சொல்லித்தரும் அதே உற்சாகத்தோடு டீச்சர் ஒயரை அளந்து வெட்டினார். முன் இடது ஸ்பீக்கரிலிருந்து ஐந்து மீட்டர் தொண்ணூற்றொன்று. பக்கத்து இடதிலிருந்து நாலு மீட்டர் ஐந்து. பின் வலதிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் ஒரு நுனியை அதனதன் ஸ்பீக்கர் முகத்தில் ஒட்டி, மறு நுனிகளை ரேடியோவின் கையில் கொடுத்தார்.

"மூணும் விறைப்பா, ஒண்ணா சேர்ற இடம் வேணும்."

"எனக்கு ரெண்டு கைதான் டீச்சர். கண்டக்டரா இருந்தப்பவே மூணாவது கைக்கு அப்ளிகேஷன் போட்டேன், வரல."

மூன்றாவது ஒயரைக் கடைக்காரர் பிடித்தார். இருவரும் அறையைச் சுற்றி வந்தார்கள். முன்னே, பின்னே, கொஞ்சம் கீழே. கதவோரத்து மூலைக்கு வந்தபோது மூன்று நுனிகளும் ஒன்றையொன்று தொட்டன. வெறும் காற்றில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில்.

"உட்கார்ந்திருக்கற ஒருத்தரோட காது உயரம்" என்றார் டீச்சர்.

ரேடியோ கீழே பார்த்தான். கம்பளத்தில் நான்கு சின்னக் குழிகள். பல வருடம் ஒரே இடத்தில் நின்ற நாற்காலியின் கால்தடம்.

"இங்க யார் சார் உட்காருவாங்க?"

கடைக்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் கையிலிருந்த ஒயர் தொய்ந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வரவேற்பு மேஜை தெரிந்தது. அங்கே நீலத் தலையணை போட்ட மர நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

"டெமோ நடக்கும்போது விளக்கைக் குறைக்க, கூட்ட..." கடைக்காரர் ஒயரைக் கீழே விட்டார். "அவதான் இங்க உட்காருவா. வேலை முடிஞ்சதும் நாற்காலியை வெளிய எடுத்துட்டுப் போவா. அவளுக்கு இதுல என்ன டீச்சர்? அவ ஏன்..."

"கேட்டாத் தெரிஞ்சுடும்."

மனைவி உள்ளே வந்தாள். ஒயர்களையும் கணவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சர் கேட்ட உடனேயே தலையசைத்தாள். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

"ஆமாங்க, எனக்காகத்தான் வச்சுது. முந்தாநாள் மத்தியானம் மூணு மணிக்கு. இவர் சைட்டுக்குப் போயிருந்தார். தம்பி வந்து, 'அக்கா, இத்தனை வருஷமா இந்த மூலையில உட்கார்ந்து பாதிச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கே. உன் நாற்காலிக்கு மைக் வச்சுத் தர்றேன், ஒரு தடவை முழுசாக் கேளு'ன்னான். நான் வேணாம்னேன். அவன்தான் பிடிவாதமா வச்சான். நாளைக்குக் காலைல மறுபடி சோபாவுக்கு மாத்திடறேன்னு சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" கடைக்காரர் கேட்டார்.

"சொன்னா நீங்க சிரிப்பீங்க."



மச்சினன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானென்று தெரியவில்லை. நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

"அய்யோ... அத்தான்! மறந்தே போயிட்டேன்! நேத்துக் காலைல மாத்தணும்னு இருந்தேன். வேலை மேல வேலை, தலையிலேருந்து விழுந்துடுச்சு. என்னாலதான் எல்லாம். என்னை ரெண்டு அறை அறைஞ்சுடுங்க!"

அவன் கண் கலங்கியிருந்தது. கடைக்காரர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு, ராத்திரி முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கிப் போனதுபோலச் சிரித்தேவிட்டார்.

"மறதிதானாடா? அட, மடையா! நான் ஊர்ல ஒருத்தர் விடாம சந்தேகப்பட்டுட்டேன். போ, போய் மைக்கை எடு. பில்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

ரேடியோவுக்கும் சந்தோஷம். கேஸ் நான்கு மணிக்குள் முடிந்தால் வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். ஆனால் டீச்சர் விலைப்பட்டியலின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். விடை சரியாக இருக்கிறது, ஆனால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிட்ட பார்வை.

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். கடைக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "முந்தாநாள் உங்க தம்பி எந்தக் காட்சியைப் போட்டார்?"

"அதே மழைதாங்க."

"எப்படி இருந்துது?"

அவள் முகம் மலர்ந்தது. "எப்படிச் சொல்றது? அந்தக் காட்சியை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்னைக்குத்தான் நனைஞ்சேன். சொட்டுச் சொட்டா உச்சந்தலையில விழுந்துச்சு. எது முன்னால விழுது, எது முதுகுக்குப் பின்னால விழுதுன்னு பிரிச்சுச் சொல்லலாம். கூரை நிஜமாவே ஒழுகுதோன்னு எழுந்து நிமிர்ந்து பார்த்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். என்னடா?"

கடைசி வார்த்தை தம்பியைப் பார்த்துச் சொன்னது. அவன் சிரிக்கவில்லை.

டீச்சர் கடைக்காரரிடம் கேட்டார். "மைக் அளந்தா எண் எப்படி வரும்?"

"பாத்தீங்களே, சென்டிமீட்டர் சுத்தமா வரும்."

"கீழ இருக்கற ஏழும் அப்படித்தான் வந்திருக்கு. மேல இருக்கற நாலு?"

ரேடியோ தாளை எட்டிப் பார்த்தான். அவன் சொன்ன ஜோக் அவனையே திரும்பப் பார்த்தது. "அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு" என்றான் மெதுவாக. "ஒத்துமையா."

"இந்த மூலையிலேருந்து பார்த்தா, மேல பின்னால இருக்கற ஸ்பீக்கர் கையை நீட்டினாத் தொடற தூரம். முன்னால இருக்கறது அந்தக் கோடியில. ரெண்டுமே சரியா அஞ்சு மீட்டரா? அதுவும் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இல்லாம? மைக் இப்படி ஒரு எண்ணைச் சொல்லாது. மனுஷன் விரலாலதான் இவ்வளவு முழுசா எழுத முடியும்."

"அஞ்சு மீட்டர்னு மெஷின் நம்பினா..." கடைக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மேல இருக்கற சத்தத்தை முந்தி அனுப்பிடும். மழை முதல்ல வந்துடும், மத்ததெல்லாம் பின்னால. காது குழம்பிப் போகும். கூரை செத்துடும்."

"முந்தாநாள் மூணு மணிக்குக் கூரை உயிரோட இருந்துது. இவங்க நனைஞ்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் யாரோ அந்த நாலு எண்ணை மட்டும் கையால மாத்தியிருக்காங்க. எதிர்க்கடையில இல்லாதது அந்த நாலு ஸ்பீக்கர்தானே? அதை மட்டும் கொன்னாப் போதும். ஒருவேளை யாராவது கண்டுபிடிச்சாலும் இந்த மூலை வரைக்கும் வந்து, அக்காவுக்காகச் செஞ்ச ஆசை வேலைன்னு முடிச்சுட்டுப் போயிடுவாங்க. நாமளும் முடிச்சிருப்போம்."

"அந்த டெக்னீஷியன்..." என்று தொடங்கினான் மச்சினன்.

"பூட்டு நம்பர் உங்க மனசுல மட்டும்தான் இருக்குன்னு மத்தியானம் நீங்கதான் சொன்னீங்க. அவர் ஏணி கொடுக்கவும் வரல. ஏணி மேல ஆறு பெயிண்ட் டப்பா இருக்கு. எதுக்கு வந்தார்?"

மச்சினன் அத்தானைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. இடுப்புப் பையைக் கழற்றி சோபாவின் கைப்பிடியில் வைத்தான்.

"போர்டு காட்ட வந்தான்" என்றான். "இந்த அறுபது வீடு கிடைச்சா அவங்க தொடங்கப் போற புதுக் கடைக்கான போர்டு. அதுல என் பேர் இருக்கு."

"டேய்..." என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. பதினாறு வருஷமா ஒயர் இழுக்கறேன். வாசல்ல இருக்கற போர்டுல யார் பேர்? அடுக்குமாடிக்குக் கூரை முறை வேணாம், வாடகைக்கு வர்றவன் எப்படிக் கூரையில ஓட்டை போடுவான், தரை முறைதான் சரின்னு எத்தனை தடவை சொன்னேன்? அத்தான் என்ன பண்ணுவார்? கஸ்டமர் எதிர்லயே, 'எங்க மச்சினன் தரையை விட்டு எழுந்திரிக்கவே மாட்டான்'னு சொல்லிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

கடைக்காரர் அவனருகே வந்தார். "அதை என்கிட்ட கோபமாச் சொல்லியிருக்கலாமேடா. சண்டை போட்டிருக்கலாமே. சட்டையைப் பிடிச்சிருக்கலாமே."

"எதுக்கு? அதுக்கும் சிரிப்பீங்க."

அக்கா ஒரு அடி முன்னே வந்தாள். குரல் உயரவில்லை. "அவர் மேல கோபம், சரி. என்னை எதுக்குடா உட்கார வச்சே?"

அவன் சோபாவில் வைத்த பையின் வாரை இழுத்து நேராக்கினான்.

"நான் கூரையைப் பார்த்தப்ப சிரிச்சியே. அந்தச் சிரிப்பாவது நிஜமா?"

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பதைக் காட்டியது. அதை முதலில் பார்த்தவன் ரேடியோ. இந்த நேரத்தில் அதைச் சொல்வது அநாகரிகம் என்று தெரிந்தும் சொன்னான். "டீச்சர், இருபது நிமிஷம்தான் இருக்கு."

மைக் வைத்து அளக்கப் பத்து நிமிடம் ஆகும். பூட்டைத் திறக்க நம்பர் வேண்டும்.

கடைக்காரர் ரிமோட்டை எடுத்து மச்சினனிடம் நீட்டினார். மச்சினன் வாங்கி, நான்கு எண்களை அழுத்தினான். திரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. அவற்றைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரேடியோ கடைக்காரரின் காதருகே குனிந்தான். "என்ன சார் நம்பர் அது?"

"அவ பிறந்த தேதி" என்றார் கடைக்காரர்.

சோபாவின் நடுவே, காது உயரத்தில் மைக்கை நிறுத்தினார்கள். திரையில் ஒரு வரி வந்தது: அளவு முடியும் வரை அறையில் யாரும் பேச வேண்டாம், அசைய வேண்டாம்.

ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கதவைத் திறந்தாலும் சத்தம் என்பதால் மச்சினனாலும் வெளியே போக முடியவில்லை. ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக ட்யூப், ட்யூப் என்று கூவத் தொடங்கின. முன் இடது. நடு. முன் வலது. ரேடியோ தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. பின் வலது ஸ்பீக்கர் கூவி முடித்ததும் அறையில் வேறொரு சத்தம் கேட்டது. சின்ன விம்மல். உடனே அடக்கப்பட்டது.

திரை சிவப்பானது. சத்தம் அதிகம், மறுபடி முயலவும்.

அது யாருடைய விம்மல் என்று யாரும் யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் மறுபடி பொத்தானை அழுத்தினார். இரண்டாவது தடவை ஏழும் கூவின, மேலே நாலும் கூவின, அறையில் மூச்சுக் கூடக் கேட்கவில்லை. எண்கள் வந்து விழுந்தன. இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்று. மேலே இருந்த நான்கும் சென்டிமீட்டர் சுத்தமாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல்.

சரியாக நான்கு மணிக்கு பில்டர் வந்தார். உட்காராமலே, "என்ன, ஆளைப் பிடிச்சுட்டீங்களா?" என்றார்.

டீச்சர் ஒயரைக் காட்டினார், எண்ணைக் காட்டினார். பில்டருக்கு எண் புரியும். மூன்று ஒயர் சேரும் இடத்தைத் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். கடைக்காரர் வழக்கம்போலக் கதவோரம் போகவில்லை. முதல் முறையாக சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

மழை தொடங்கியது. பில்டரின் கை தானாகத் தலைக்குப் போனது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். காட்சி முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பப் பெய்யுது" என்றார். "சரி, அறுபதுக்கும் இதுதான். பேப்பரை நாளைக்கு அனுப்பறேன். ஆனா ஒண்ணு தெரியணும். யார் பண்ணினது?"

கடைக்காரர் எழுந்தார். "அது... வந்து..."

"என் தம்பி" என்றாள் அவர் மனைவி.

பில்டர் அவளைப் பார்த்தார், கதவருகே நின்றவனைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் மச்சினனும் போனான். இடுப்புப் பை சோபாவின் கைப்பிடியிலேயே கிடந்தது.

டீச்சர் ஒயர்களைச் சுருட்டி வைத்தார். ரேடியோ ஒட்டிய டேப்பை ஒவ்வொன்றாக உரித்தான்.

கடைக்காரர் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது, ஒன்பது பேருக்கும் சோறு உறுதி. அந்த முகத்தில் அது எதுவும் இல்லை.

"பூட்டு நம்பரை மாத்தணும்" என்றார் மனைவியிடம். "என்ன நம்பர் போடட்டும்?"

"எது வேணாப் போடுங்க. எனக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் வெளியே போய், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி வாங்கித் தந்திருந்த நீலத் தலையணையை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினாள். மணி அடித்த போனை எடுத்து, யாருக்கோ கடைக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.

படியிறங்கும்போது டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்ன ரேடியோ, ஸ்டேஷன் கிடைக்கலையா?"

"கிடைக்குது டீச்சர்" என்றான் அவன். "போடத்தான் மனசு வரல."